தவக்களைக்கு இரண்டே சீட்

1. போர்டு மாட்டிய நாள்

தென்காசியில் நான் போர்டு மாட்டிய அன்று வாசலில் நல்ல கூட்டம். அதில் நோயாளி ஒருவர்கூட இல்லை. எல்லாரும் என் காரைப் பார்க்க வந்தவர்கள்.

பார்க்கத் தகுந்த கார்தான். சீமையில் செய்த ஸ்போர்ட்ஸ் கார், பச்சை நிறம். கூரை கிடையாது, மழை வந்தால் இழுத்து மாட்ட ஒரு கேன்வாஸ் ஹூட் மட்டும் பின்னால் மடிந்து கிடக்கும். இரண்டே சீட். முன்னால் துருத்திக்கொண்டு இரண்டு பெரிய லைட். இரண்டு பக்கமும் நீளமான ஃபுட்போர்டு. மலைமேல் தேயிலை எஸ்டேட்டில் டாக்டராக இருந்த என் தாய்மாமா, சொந்த ஊருக்குக் கப்பலேறிய துரையிடம் வாங்கியது. மாமா நெட்டையான ஆள், உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். நான் டாக்டர் படிப்பை முடித்ததும், "இதுக்கு நீதாம்ளா சரியான அளவு" என்று சாவியைக் கையில் வைத்துவிட்டார். ஐம்பதுகளின் தொடக்கம் அது.

அந்த முதல் நாளே கூட்டத்தில் ஒருவர், "ஏலே, தவக்களை மாதிரில்லா உக்காந்திருக்கு!" என்றார். அன்றிலிருந்து கார் தவக்களை, நான் தவக்களை டாக்டரம்மா. எனக்குக் கோபம் வரவில்லை. போர்டில் எழுதியிருந்த பட்டத்தைவிட அந்தப் பெயர்தான் எனக்கு நோயாளிகளைக் கொண்டுவந்தது.

அந்தக் காரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை மறைக்கப்போவதில்லை. சீசன் நேரத்தில் ஹூட்டை மாட்டாமல் குற்றாலம் ரோட்டில் போவேன். சாரல் முகத்தில் அடிக்கும். கியர் மாற்றும்போது எஞ்சின் என் பேச்சைக் கேட்கும். பொம்பிளை ஒருத்தி தலைமுடி பறக்க இப்படி ஓட்டலாமா என்று ஊரில் பேசினார்கள். பேசியவர்கள் வீட்டுப் பிரசவத்துக்கும் அதே காரில்தான் போனேன்.

2. கூட வருகிறவர்கள்

எங்கள் பக்கத்தில் பிரசவத்துக்கு ஒரு பெண்ணைத் தனியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பமாட்டார்கள். பெற்ற தாய் கூட வர வேண்டும். மாமியாரும் வர வேண்டும். நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால், இரண்டு வீட்டாரும் நேரில் பார்த்ததாக இருக்க வேண்டும் அல்லவா? இதில் எந்தச் சமாதானமும் நடக்காது. என் காரிலோ நான் உட்கார்ந்தது போக மீதி ஒரு சீட்தான்.

அதற்கு நான் ஒரு ஏற்பாடு வைத்திருந்தேன். கிராமத்துக்குப் போய்ப் பார்ப்பேன். என் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டிய கேஸ் என்றால் மாட்டுவண்டியைப் பூட்டச் சொல்லிவிட்டு நான் முன்னால் பறந்துவிடுவேன். வண்டி வந்து சேருவதற்குள் ஆபரேஷன் தியேட்டரில் கருவிகள் கொதித்து ஆறி, எல்லாம் தயாராக இருக்கும். பல வருடங்கள் இது நன்றாகவே நடந்தது.

என் மெக்கானிக் மைதீன் மட்டும் அவ்வப்போது முணுமுணுப்பார். காரின் இரண்டு கார்புரேட்டரையும் காதால் கேட்டே சரிபண்ணுகிற கைகாரர்.

"டாக்டரம்மா, இப்பம்லாம் புதுசா நாலு கதவு வண்டி வருது. ஆளுகளை ஏத்தலாம். ஒண்ணு எடுத்துருங்களேன்."

"பாய், ஒங்க வேலை பிளக்கைத் துடைக்கது. என் வேலை எனக்குத் தெரியும்."

"துடைக்கேம்மா, துடைக்கேன்" என்று அவர் மறுபடி குனிந்துகொள்வார்.

3. சுந்தரபாண்டியபுரம்

அறுபதுகள் தொடங்கியிருந்தன. ஒரு சீசன் நாள், தென்காசி வரைக்கும் தூறல். மத்தியானம் ஒருவர் சைக்கிளில் மூச்சிரைக்க வந்தார். சுந்தரபாண்டியபுரத்தில் செண்பகம் என்ற பெண்ணுக்குத் தலைப்பிரசவம், முந்தின நாளிலிருந்து வலி, மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள் என்றார்.

போய்ப் பார்த்தேன். பிள்ளை குறுக்கே கிடந்தது. கையால் திருப்பும் கட்டம் தாண்டிவிட்டது. உடனே ஆபரேஷன் செய்தால் இரண்டு உயிரும் பிழைக்கும். மாட்டுவண்டியில் ஆடி அசைந்து வந்தால் வழியிலேயே கர்ப்பப்பை கிழிந்துவிடும். என் காரில் ஏற்றச் சொன்னேன்.

செண்பகத்தின் தாய் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எம்புள்ளைய ஒத்தையில விடமாட்டேன் டாக்டரம்மா!"

மாமியார் முப்புடாதியம்மாள் அழவில்லை. நிலபுலம் உள்ள வீட்டுக்காரி, என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். "எம்மவன் பட்டாளத்துல கெடக்கான். அவனுக்குப் பதில் சொல்ல வேண்டியவ நானு. நான் இல்லாம இவ இந்த வாசலைத் தாண்டமாட்டா."

"இருக்கது ஒரு சீட்டும்மா. பேசிக்கிட்டு நிக்க நேரமில்ல."

"அப்பம் எடத்தை உண்டாக்குங்க. டாக்டருக்குப் படிச்சியள்லா?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. ஆனால் கோபத்தில் என் மூளை நன்றாக வேலை செய்யும். டூல் பாக்ஸிலிருந்து ஸ்பானரை எடுத்து, பக்கத்து சீட்டின் போல்ட்டுகளைக் கழற்றி, சீட்டைத் தூக்கி முற்றத்தில் வைத்தேன். அந்த இடத்தில் மெத்தையை மடித்துப் போட்டதும் ஒரு ஆள் காலை நீட்டி ஒருக்களித்துப் படுக்க இடம் கிடைத்தது. செண்பகத்தைப் படுக்கவைத்தோம். பின்னால் மடிந்து கிடந்த ஹூட்டின்மேல் தாயை உட்காரவைத்து, மகளின் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

"எனக்கு?" என்றாள் முப்புடாதியம்மாள்.

பாதி எரிச்சலில் ஃபுட்போர்டைக் காட்டினேன். "அங்கன நிக்கியளா?"

சேலையை இழுத்துச் செருகினாள். ஏறினாள். முன்கண்ணாடிச் சட்டத்தை ஒரு கையாலும் மருமகளின் தோளை மறு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நிக்கேன். நீங்க ஓட்டுங்க."

அன்று நான் ஓட்டியதுபோல் அதற்கு முன்னும் ஓட்டியதில்லை, பின்னும் ஓட்டியதில்லை. ஒவ்வொரு பள்ளத்தையும் சுற்றிப் போனேன். நல்ல ரோடு கிடைத்த இடத்தில் மிதித்தேன். ஹூட்டின்மேல் ஆள் உட்கார்ந்திருந்ததால் அதை மாட்ட வழியில்லை. நால்வரும் நனைந்தோம். ஹாரன் அடிக்கிற வேலையே எனக்கு இல்லை. "வெலகுங்கல! ஏலே, ஆட்டைப் பிடில! உசுரு போவுது!" என்று முப்புடாதியம்மாள் போட்ட சத்தத்தில் ரோடு தானாகத் திறந்தது.

மயக்கம் கொடுக்க அரசு டாக்டர் ஒருவர் ஓடிவந்தார். வயிற்றைத் திறந்து பிள்ளையை எடுத்தேன். முதலில் சத்தமே இல்லை. பிறகு வீறிட்டது. தாயும் பிழைத்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்ற முப்புடாதியம்மாளிடம் குழந்தையைக் காட்டினேன்.

"பொட்டப்புள்ளையா? இருக்கட்டும். மூக்கு எம்மவன் மூக்குல்லா" என்றாள். அப்புறம்தான் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்து அழுதாள்.

4. அவிழ்த்துவிட்ட மாடு

கதை இத்தோடு முடிந்திருந்தால் தவக்களை என்னிடமே இருந்திருக்கும்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஒருத்திக்கு ஒன்றைச் செய்தால் மற்றவளுக்கும் அதைச் செய்தாக வேண்டும். அது முறை. முப்புடாதியம்மாள் வேறு போகிற கல்யாணம், வருகிற சடங்கு எல்லாவற்றிலும் தான் ஃபுட்போர்டில் நின்று வந்த கதையைச் சொன்னாள். சொல்லச் சொல்லக் கார் வேகமாகிக்கொண்டே போனது.

சில மாதங்கள் கழித்து ஆலங்குளம் ரோட்டில் ஒரு கிராமத்திலிருந்து ஆள் வந்தது. நான் வேறு ஊரில் ஒரு பிரசவத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன். அதை முடித்துவிட்டு நேரே அங்கே போனபோது வெயில் ஏறிவிட்டது. அந்தப் பெண் கயிற்றுக் கட்டிலில் வலியோடு கிடந்தாள். பக்கத்தில் அவளுடைய தாய் மெத்தையை மடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மாமியார் சேலையை இழுத்துச் செருகித் தயாராக நின்றாள்.

மாட்டுவண்டி ஓரமாகக் கிடந்தது. மாடுகள் தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தன.

"வண்டி பூட்டலையா? காலையிலேயே கொண்டுவந்திருக்கலாம்லா!" என்று கத்தினேன்.

"மாடு எதுக்கு டாக்டரம்மா? தவக்களை வரும்னுதான் அவுத்து விட்டுட்டோம்" என்றாள் மாமியார், முகமெல்லாம் சிரிப்பாக. "சீட்டைக் கழட்டுங்க. நான் படியில நின்னுக்கிடுதேன்."

அந்தப் பெண்ணைப் பரிசோதித்தேன். நல்லவேளை, பிள்ளை ஒழுங்காக இறங்கியிருந்தது. அந்தக் கட்டிலிலேயே பிரசவம் பார்த்தேன். இரண்டு பேரும் சுகம். மாமியாருக்குத்தான் ஏமாற்றம். செருகிய சேலையை அவிழ்த்துவிடவே மனமில்லாமல் காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இந்த முறை தப்பித்துவிட்டதால் அடுத்த வீட்டிலும் மாட்டை அவிழ்த்துவிட்டுக் காத்திருப்பார்கள். அங்கே பிள்ளை குறுக்கே கிடக்கும், அல்லது ரத்தம் போய்க்கொண்டிருக்கும். ஃபுட்போர்டில் நிற்கிறவளுக்குக் கை வழுக்கும். ஒரு தடவை செய்த சாகசத்தை நம்பி ஒரு ஜில்லாவே பிள்ளை பெறக்கூடாது.

நேரே மைதீன் ஒர்க்‌ஷாப்பில் போய் நிறுத்தினேன்.

"பாய், நாலு கதவு போதாது. பின்கதவு வச்ச வேன் வேணும். உள்ள படுக்கை போடணும், அது போக நாலு பொம்பிளைக உக்காரணும்."

அப்போதே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. "தவக்களை வீட்டுல நிக்கட்டும்மா. சும்மா குத்தாலத்துக்கு ஓட்டிட்டு வரலாம்" என்றார்.

"நின்னா என் கை அந்தச் சாவிக்குத்தான் போவும். வித்துருவோம்."

5. புளியறை வரை

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், ஓர் எஸ்டேட் மேனேஜர் வாங்கிக்கொள்ள முன்வந்தார். புளியறை செக்போஸ்டில் ஒப்படைப்பதாகப் பேச்சு. நானே ஓட்டினேன், பக்கத்து சீட்டில் மைதீன். நேராகச் செங்கோட்டை ரோட்டில் போகாமல் குற்றாலத்துக்குத் திருப்பினேன். ஹூட்டை இறக்கியே வைத்திருந்தேன். அருவிச் சத்தம் கேட்கிற இடத்தில் சாரல் வந்து முகத்தில் அடித்தது. அழுதேன். சாரலில் தெரியாது என்று நினைத்தேன். மைதீன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

செக்போஸ்டில் மேனேஜர் காரைச் சுற்றிப் பார்த்தார். "கொள்ளாம், நல்ல வண்டி" என்றார். பக்கத்து சீட்டைக் கையால் அசைத்தார். "இது மாத்ரம் கொஞ்சம் லூஸாணு டாக்டரே."

"ஒரு தடவை கழட்டினது. இனிமே கழட்ட வேண்டியதில்ல. நல்லா முறுக்கிக்கிடுங்க" என்றேன்.

தவக்களை மலை வளைவில் ஏறி மறையும்வரை நின்றுவிட்டு நானும் மைதீனும் பஸ்ஸில் திரும்பினோம்.

6. புது வேன்

இப்போது சின்ன ஊரில் தொழில் தொடங்கும் பெண் டாக்டர்கள் முதலில் என்ன வாங்கலாம் என்று என்னைக் கேட்கிறார்கள். எதை வாங்கினாலும் ஒன்றை யோசித்து வாங்குங்கள் என்பேன். நாம் நோயாளியிடம் போய்ச் சேருவது பாதி வேலைதான். அவர்களை, அவர்கள் கூட வருகிறவர்களோடு, கொண்டுவந்து சேர்ப்பது மீதிப் பாதி. தவக்களை எனக்கு முதல் பாதியைச் செய்துகொடுத்தது. மீதிக்கு அந்த வேன்தான் லாயக்கு. விற்றதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. பிரிந்ததில் உண்டு. இரண்டும் வேறு வேறு.

வேன் வந்த பிறகு செண்பகத்துக்கு இரண்டாவது பிரசவம். முன்னால் வயிற்றைத் திறந்த கேஸ் என்பதால் வலி தொடங்கிய உடனே போய் நின்றேன். செண்பகத்தைப் படுக்கையில் கிடத்தினோம். தாய் ஏறினாள், இரண்டு சித்திமார் ஏறினார்கள், ஒரு செம்புத் தண்ணீர் ஏறியது. அப்போதும் இடம் மிச்சம் இருந்தது. முப்புடாதியம்மாள் மட்டும் ஏறாமல் சேலையைச் செருகிக்கொண்டு வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"நிக்கதுக்குப் படி எங்க டாக்டரம்மா?"

"படி இல்ல. உள்ள உக்காந்து வாங்க."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். தென்காசி வரை வாயைத் திறக்கவில்லை. ரோட்டில் ஆடு வந்தபோது நான்தான் ஹாரன் அடித்தேன். ஒரு துளி நனையாமல் வந்து சேர்ந்தோம். செண்பகத்தை உள்ளே கொண்டுபோனதும் முப்புடாதியம்மாள் இறங்கி, வேன் கதவைத் தட்டிப் பார்த்தாள்.

"நல்ல வண்டிதான். எல்லாரும் வந்துட்டோம்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா அதுல காத்து வந்துச்சு, பாத்துக்கிடுங்க."

நான் தியேட்டருக்குள் போனேன். வழி நெடுக நானும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.