இரண்டு நாளில் பதினொரு பேருக்குக் காது போனது

சின்னவன் கணினி பழுது பார்க்கக் கிளம்பினால், ஸ்க்ரூடிரைவரை மறந்தாலும் மறப்பான், சட்டைப் பையில் நீல நோட்டு இருக்கும். ஒரு கணினிக்கு ஓ.எஸ். புதிதாகப் போட்டால் சரிபார்க்க வேண்டிய இருபத்துமூன்று வரிகள் அதில் உண்டு. எல்லாவற்றுக்கும் டிக் விழாமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டான். ஐந்து வருடமாக அவன் வேலையில் ஒருவரும் நொட்டை சொன்னதில்லை.

திங்கட்கிழமை காது பரிசோதனை மையத்தின் கணினிக்கு ஓ.எஸ். போட்டான். பதினேழாவது வரி, "சத்தம் வருகிறதா?" ஒரு சத்தத்தை ஓடவிட்டான். 'டிங்' என்று கேட்டது. டிக் போட்டான்.

புதன்கிழமை பிரிண்டரைப் பார்க்க அங்கேயே மறுபடி போனான். காத்திருக்கும் கூடத்தில் ஒரு பஸ் டிரைவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சுண்ணே?" என்றான் மெல்ல.

"இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டிட்டேன் தம்பி. இன்னைக்கு ரெண்டு காதும் சுத்தமா கேக்காதுன்னு எழுதிட்டாங்க. நாலு மணிக்குள்ள நல்ல சர்டிபிகேட்டை டிப்போல குடுக்கலேன்னா, இனி ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டாங்க."

கிசுகிசுத்ததற்கே பதில் சொல்கிற மனுஷனுக்கா காது கேட்காது? சின்னவன் உள்ளே, பரிசோதனை செய்யும் மேடத்திடம் போனான்.

"மேடம், ரெண்டு நாள்ல எத்தனை பேருக்குக் கேக்கலை?"

"பத்துப் பேருக்கு."

"வந்தது?"

"பத்துப் பேர்தான். சீசன் அப்படி."

"மெஷின்ல சத்தமே வரலையோ என்னமோ, மேடம்."

"இங்க வர்றவங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. சத்தம் வரலைன்னு சொல்றது மெஷினோட வியாதி இல்லை, காதோட வியாதி. உள்ள போய் உக்காருங்க."

பஞ்சு வைத்த சுவர்களுக்கு நடுவே ஹெட்போனை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்தான். தன் மூச்சைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்தால், பதிவேட்டில் பதினோராவது பெயராக அவன் பெயர் ஏறியிருந்தது.

"மேடம், நான் மெக்கானிக்!"

"மெக்கானிக்குக் காது போகக் கூடாதா?" என்றவர், அவன் முகத்துக்கு நேராக வந்து கத்தினார்: "கவலைப்படாதீங்க! காதுக்கு மெஷின் வெச்சுக்கலாம்!"

கூடத்துக்கு வந்தான். டிரைவர் சுவரில் இருந்த டோக்கன் டிவியை முறைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சனியனை நிறுத்துங்க தம்பி! நம்பரைக் காட்டினோமா இருந்தோமான்னு இல்லாம, கீ கீன்னு உயிரை எடுக்குது. நீங்க உள்ள இருந்த பத்து நிமிஷமும் விடலை. கடைசியில ஒண்ணு, கொசு பாடுற மாதிரி."

சின்னவன் அப்படியே நின்றான். அந்த டிவியின் கேபிள் எங்கே போகிறது என்று அவனுக்குத் தெரியும். அதைச் செருகியவனே அவன்தான். ஓ.எஸ். புதிதாக ஏறியதும் கணினி ஹெட்போனை விட்டுவிட்டு டிவிக்குச் சத்தத்தை அனுப்பியிருக்கிறது. திங்கட்கிழமை அவன் கேட்ட 'டிங்', திறந்திருந்த கதவு வழியாகக் கூடத்திலிருந்து வந்தது.

"மேடம், இவர் இங்க உக்காந்தபடியே மொத்தப் பரிசோதனையும் பாஸ் பண்ணிட்டார்!"

"டோக்கன் இல்லாமலா?" என்றார் மேடம்.

கணினியில் 'டிவி' என்று இருந்ததை 'ஹெட்போன்' என்று மாற்றக் கால் நிமிடம் ஆனது. டிரைவருக்குப் புது டோக்கன் வாங்க மூன்று மணி நேரம் ஆனது. மூன்று இருபதுக்கு, கொசு பாட்டு வரை கேட்டு முடித்து, சர்டிபிகேட்டோடு அவர் ஓடினார். நான்குக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டிப்போவில் கொடுத்துவிட்டதாகப் பிறகு போன் செய்தார்.

"மத்தவங்களுக்கும் போன் பண்ணிச் சொல்லிடுங்க மேடம்," என்றான் சின்னவன்.

"காது கேக்காதவங்களுக்குப் போன் பண்ணி என்ன பிரயோஜனம்?"

கடிதம்தான் போட்டார்கள். பதிவேட்டில் இருந்ததால் சின்னவனுக்கும் ஒன்று வந்தது: "தங்களுக்குக் காது கேட்கக்கூடும். நேரில் வந்து உறுதி செய்துகொள்ளவும்." அவன் அக்கா அதை அவனுடைய நற்சான்றிதழ்களோடு சேர்த்துக் கோப்பில் வைத்திருக்கிறாள்.

நீல நோட்டில் பதினேழாவது வரி இப்போது கொஞ்சம் நீளம்: "சத்தம் வருகிறதா? கதவைச் சாத்திவிட்டுக் கேட்கவும்."