மேகமலைக்குப் போன மானிட்டர் வயர்

சின்னமனூரில் நானும் கணவரும் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் விட்டால் தெருவே அதிரும். ஆசையாய்ப் புதிதாக வாங்கிய கேமிங் மானிட்டரிலோ, வளைவில் திரும்பும்போதெல்லாம் கார் குறுக்கே கிழிந்து தெரிந்தது.

"கம்ப்யூட்டருக்குள்ள படம் காட்டுற நம்ம கிராபிக்ஸ் கார்டு இந்த மானிட்டருக்குச் சேரல. அதான் தோக்குறேன். கார்டை வித்துருவோம்" என்றார் அவர். அதை வாங்க ஓர் ஆளும் எங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்!

அந்நேரம் மேகமலை எஸ்டேட்டிலிருந்து தங்கை போன் செய்தாள். "யக்கா, நீ ஸ்வெட்டர் வச்சு அனுப்புன மானிட்டர் பெட்டியில ஒரு வயரும் கெடக்கு."

புது மானிட்டரோடு வந்த டிஸ்ப்ளேபோர்ட் வயர்! நாங்கள் பழைய மானிட்டரின் வயரையே மாட்டியிருந்தோம். கார்டின் வேகத்துக்கு மானிட்டர் ஒத்துப்போக இந்த வயர்தான் வேண்டும் என்று மானிட்டர் கையேட்டைப் புரட்டியதும் தெரிந்தது. விற்பனையை நிறுத்தினோம். மறுநாள் பஸ்ஸில் வந்த வயரை மாட்டி, அதற்கான செட்டிங்கை ஆன் செய்ததும் கார் கிழியாமல் பறந்தது!

இப்போது எந்தப் பெட்டியையும் கவிழ்த்துத் தட்டாமல் வெளியே விடுவதில்லை. கணவர்தான் பாவம், இனி தோற்றால் கார்டு மேல் பழி போட முடியாது!