ஒரு முழம் தள்ளி நிற்கும் வாசல்

சிவநேசன் சார் நேற்று போய்விட்டார். மலாக்கா டவுனில் நான் படித்த ஸ்கூலின் ஹெட்மாஸ்டர்.

காலையிலிருந்து நம் ஸ்கூல் வாட்ஸ்அப் க்ரூப் முழுக்க ரோஜாப்பூ. எனக்கு ஒரு பூ போடக்கூட கை வரவில்லை... திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள்.

அந்தக் கட்டடம் தெரியும்தானே? முப்பதுகளில் வெள்ளைக்காரன் கட்டியது. சிவப்பு ஓடு, உயரமான ஜன்னல், முன்னால் ஐந்து தடித்த தூண். முன்வாசல் மட்டும் நடுவில் இருக்காது. ஒரு முழம் இடப்பக்கம் தள்ளி இருக்கும்.

தள்ளி வைத்தது எங்கப்பா.

ரப்பர் விலை விழுந்து நியாலாஸ் தோட்டத்தில் ஆள் குறைத்தபோது, அப்பா டவுனுக்கு வந்து அந்தக் கட்டடத்தில் கொத்து வேலைக்குச் சேர்ந்தார். பிளான்படி நடுத்தூண் வாசலுக்கு நேர் எதிரே. தூண் வாசலைக் குத்தினால் உள்ளே படிக்கிற பிள்ளைகளுக்கு ஆகாது என்று நம் ஆட்களுக்குப் பயம்.

கட்டட வேலையைப் பார்த்த வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூர் போன வாரத்தில், அப்பாவும் கூட்டாளிகளும் வாசல் நிலைக்கு மஞ்சள் பூசி, நவதானியம் போட்டு, ஒரு முழம் தள்ளி நிறுத்திவிட்டார்கள். திரும்பி வந்த துரை வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அதற்குள் சுவர் ஏறிவிட்டது... விட்டுவிட்டார்.

சரித்திரப் பாடத்தில் சிவநேசன் சார் அந்த வாசலைப் பற்றிச் சொன்னார். கடல் காற்றுக்காக இங்கிலீஷ்காரன் போட்ட கணக்காம். நான் எழுந்து அப்பா கதையைச் சொன்னேன்.

"தோட்டத்துச் சனத்துக்குப் பிளான் விளங்குமோ?" என்றார். ரிசெஸ் மணி அடிக்கும் வரைக்கும் அதே வாசலில் நிற்க வைத்தார். வகுப்பே சிரித்தது. இன்றைக்கு ரோஜாப்பூ போடுகிற சிலரும்தான்.

அதைக்கூட மறந்திருப்பேன்...

பல வருஷம் கழித்து ஸ்கூல் மலர் போட்டார்கள். கட்டட வரலாறு எழுதியது சார். அப்பாவுக்கு அப்போது எண்பது வயது, அதில் ஒரே ஒரு வரி வர வேண்டும் என்று ஆசை. வெள்ளை வேட்டி கட்டி, பஸ் ஏறி, என்னோடு சார் வீட்டுக்கு வந்து முழுக்கதையும் சொன்னார்.

சார் நோட்டில் எழுதிக்கொண்டே, "கட்டாயம் போடுறன், ஐயா" என்றார்.

மலர் வந்தது. அதே கடல் காற்று.

அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "நம்ம வரி எங்கடா? படி லா" என்றார்.

படித்தேன் சார். நீங்கள் எழுதாத வரியை நான் படித்தேன்.

அப்பா அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்துக்கொண்டார். சாகும்வரை வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். படிக்கத் தெரிந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்... நான் தரையைப் பார்த்தேன்.

இன்று சாயங்காலம் உங்கள் உடம்பை ஸ்கூல் ஹாலில் வைத்திருந்தார்கள். போனேன். மாலை வாங்கவில்லை.

முன்வாசல் நிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்படியே திரும்பிவிட்டேன். கும்பிட்டது உங்களை இல்லை சார்.

போய் வாருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

போங்கள்.