சும்மா இருந்தறியாத அக்கா

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார், பொழுது சாய வந்துவிடுவார் என்றே மனம் இன்னமும் நினைக்கிறது.

சின்னமனூரில் நெல்லும் வாழையும் பயிரிடும் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். என்னைப் பெற்றபோது வைத்தியம் பார்க்க ஆளின்றி அம்மா கண்மூடினார். அன்றிலிருந்து டாக்டர் படிப்புதான் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றார். ஊர் வாய்க்கு அஞ்சாமல் மதுரைக்கும் சென்னைக்கும் அனுப்பிப் படிக்க வைத்தவர் அப்பாதான். ஆனால் மகள் சம்பளத்துக்குப் போனதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. எங்கள் பக்கம் அப்போது ஒரு பெண் வேலைக்குப் போகிறாள் என்றால், வயலில் கூலிக்குப் போகிறாள் என்றே பொருள்.

அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா, "பொண்ணு இப்ப என்ன பண்ணுது?" என்றார்.

"படிப்ப முடிச்சுட்டு வீட்டுல சும்மாதான் இருக்கு" என்றார் அப்பா.

காபி கொண்டுவந்த அக்கா நின்றார். "சும்மா இல்லைங்க. ஆஸ்பத்திரியில வேலை பாக்குறேன். நாளைக்கு வெள்ளன போகணும்."

வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அப்பா பல மாதம் அக்காவோடு பேசவில்லை. அக்காவோ ஒருநாளும் வேலைக்கு மட்டம் போடவில்லை.

அவரைப் பார்த்து எங்கள் தெருப் பெண்கள் நர்ஸ் படிக்கவும் டீச்சர் படிக்கவும் கிளம்பினார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. களையெடுப்பவர்களின் மகள்களும் ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தார்கள்.

"ஒன்னால என் வயலுக்கு ஆள் இல்ல ஆத்தா" என்று அப்பா புலம்புவார்.

"கூலியக் கூட்டுங்கப்பா, வருவாக" என்பார் அக்கா. அப்பா முணுமுணுத்துக்கொண்டே கூட்டினார்.

மேகமலைத் தேயிலைத் தோட்டத்தில் காய்ச்சல் பரவியபோது தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கு வைத்தியம் பார்க்கப் போன அக்கா, காய்ச்சலோடு திரும்பினார். "கொஞ்ச நாள் சும்மா படுத்திரு ஆத்தா" என்று அப்பா கெஞ்சினார்.

அந்த நிலையிலும் அக்கா சிரித்தார். "நீங்க அன்னைக்குச் சொன்னது இப்பத்தாம்ப்பா மெய்யாச்சு."

அப்பா கொல்லைப்புறம் போய் வாய்விட்டு அழுதார்.

இரவுபகல் பாராமல் உடனிருந்த நர்சுகளுக்கும், மலையிலிருந்து அக்காவைத் தூளியில் சுமந்து இறக்கிய தோட்டத் தொழிலாளர்களுக்கும், அக்காவைக் கடைசியாக வழியனுப்ப அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து தெருவை நிறைத்து நின்ற பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இதை எழுத உட்கார்ந்தபோது அப்பா சொன்னது ஒன்றே ஒன்று: "அவ வேலைக்குப் போனான்னு எழுது. அத மட்டும் விட்டுறாத."

எழுதிவிட்டேன் அப்பா.