படகுக்கு அம்மா சொன்ன பெயர்

நான்கு பெண்களாகச் சேர்ந்து துடுப்புப் போட்டே அத்திலாந்திக் கடலைக் கடக்கப் போகிறோம் என்று என் தங்கை போனில் சொன்னதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தேயிலைத் தோட்டத்துப் பீலிக் குழாயில் கொட்டுவதைத் தவிர வேறு தண்ணீர் தெரியாத குடும்பம் எங்களுடையது. பாடசாலைச் சுற்றுலாவில் மொனராகலை வழியாகப் பொத்துவில் போய் முதன்முதலில் கடலைப் பார்த்தபோது, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரையிலேயே நின்றவள் அவள். கணுக்கால்கூட நனையவில்லை. துணைக்குப் போயிருந்த நான், பஸ் பதுளை வந்து சேரும்வரை அதைச் சொல்லிச் சொல்லியே அவளை அழவைத்தேன்.

கேலி செய்வது எனக்குக் கைவந்த கலை. அவளைவிட எட்டு வயது மூத்தவள் என்பதால் திருப்பி அடிவாங்கும் பயமும் இருந்ததில்லை.

அவள் இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறாள். ஆற்றங்கரை ஊர். வேலை முடிந்து நடந்து வரும்போது படகு ஓட்டும் பெண்களைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் தானும் ஏறிவிட்டாள். பிறகு ஆறு போதவில்லை. அவளும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ஏற்கெனவே கடல் கடந்த படகொன்றை வாங்கிப் புதிதாகப் பெயின்ட் அடித்தார்கள். இரண்டு பேர் துடுப்புப் போட, இரண்டு பேர் பெட்டி மாதிரி ஓர் அறைக்குள் சுருண்டு தூங்க, இப்படியே மாறி மாறிப் போக வேண்டுமாம். எல்லாம் தயார், பெயர் மட்டும்தான் பாக்கி. யார் பெயர் வைப்பது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டதில் தங்கைக்கு விழுந்தது.

"அக்கா, அம்மாகிட்ட கேளு. அவங்க வாயில மொதல்ல என்ன வருதோ, அத அப்படியே எனக்குச் சொல்லு. நீ திருத்தாத."

நான் தமிழ் டீச்சர். பசறைக்குப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் பிள்ளைகளின் வாக்கியங்களுக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டே தலை நரைத்தவள். அவள் "திருத்தாத" என்றது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அவள் நேரே அம்மாவிடம் கேட்டிருக்கலாம்தான். ஆனால் அம்மாவுக்குக் காது மந்தம். போனைக் கையில் கொடுத்தால் வீடியோவில் தெரியும் மகள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார், கையை ஆட்டுவார், அவ்வளவுதான். மகள் சொல்வதை நான் காதோரம் கத்த வேண்டும். அம்மா சொல்வதை நான் போனில் சொல்ல வேண்டும். இருவருக்கும் நடுவில் இருந்தது என் வாய் ஒன்றுதான்.

அம்மா பின்வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். குனிந்து விஷயத்தைக் கத்தினேன்.

"எத்தன நாளு தண்ணியில கெடக்கும்?" என்று கேட்டார்.

"ரெண்டு மாசம் வரும்மா."

"கர தெரியாதா?"

"தெரியாதும்மா."

அம்மாவின் கை கொஞ்ச நேரம் கீரைக்குள்ளேயே நின்றது. பிறகு, "தவிடுன்னு வைக்கச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டு மறுபடி கீரையை ஆயத் தொடங்கினார்.

தவிடு என்பது அம்மா தங்கையைக் கூப்பிடும் பெயர். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நல்ல பெயர் இருந்தது. அம்மாவுக்கு மட்டும் அவள் தவிடு. எனக்கும் அவளுக்கும் நடுவில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் முப்பது நாள் தாண்டவில்லை. அதனால் இவள் பிறந்ததும், பிள்ளை தங்காத வீடுகளில் எங்கள் சனம் செய்வதை அம்மாவும் செய்தார். எங்கள் லய வரிசையில் அடுத்த காம்பரா வீட்டில் மாடு வைத்திருந்த ஒரு அக்காவின் மடியில் பிள்ளையைப் போட்டு, "இது எம்புள்ள இல்ல" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு வந்தார். பிறகு அந்த அக்காவுக்கு மாட்டுத் தவிட்டைக் கொடுத்து, பிள்ளையை விலைக்கு வாங்கினார். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையை எமனும் ஒரு பொருட்டாக எண்ண மாட்டான், ஊர்க்கண்ணும் படாது. ஒரே ஒரு நிபந்தனை, நடந்ததைப் பிள்ளையிடம் சொல்லக் கூடாது. சொன்னால் காவல் கழன்றுபோகும்.

எனக்கு அப்போது எட்டு வயது. எல்லாம் கண்ணால் பார்த்தவள்.

நான் சொல்லவில்லை. ஆனால் கேலி செய்யக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்று தம்பி தங்கைகளைச் சீண்டாத தமிழ் வீடு உண்டா? மற்ற வீடுகளில் அது வெறும் விளையாட்டு. எங்கள் வீட்டில் அம்மாவே அவளைத் தவிடு என்று கூப்பிட்டதால், அவள் அதை நம்பிவிட்டாள். பத்து வயதில் ஒருநாள் சட்டையை ஒரு பையில் திணித்துக்கொண்டு, "எங்க வீட்டுக்கே போறேன்" என்று அடுத்த காம்பராவுக்குப் போய் உட்கார்ந்தாள். அம்மா தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்கு அகப்பைக் காம்பால் விழுந்தது. அப்போதும் அம்மா அவளுக்கு விளக்கம் சொல்லவில்லை. சொல்ல முடியாது, காவல் கழன்றுபோகும்.

அந்தப் பெயரைத்தான் அம்மா படகுக்குச் சொன்னார். கரை தெரியாத தண்ணீரில் போகும் ஒன்றுக்கு வேறு என்ன பெயரை அவர் சொல்லியிருப்பார்? எனக்கு அது புரிந்தது. புரிந்தும் எனக்கு வெட்கமாக இருந்தது. வெள்ளைக்காரர்கள் அர்த்தம் கேட்பார்கள், மாட்டுத் தீனி என்று இவள் சொல்வாள். பத்திரிகையில் வந்தால் பதுளையில் நாலு பேர் படிப்பார்கள். தோட்டக்காட்டான் என்ற ஏச்சைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். உலகமே பார்க்கப் போகிற படகில் நாமே போய்த் தவிடு என்று எழுதுவதா?

அன்று சாயங்காலம் போன் எடுத்து, "அலையரசின்னு வைக்கச் சொன்னாங்க" என்றேன்.



"அம்மாவா சொன்னாங்க?"

"ஆமா."

"மொதல்ல அதத்தான் சொன்னாங்களா?"

"ஆமாங்கறேன்ல!"

"சரிக்கா. நல்லாத்தான் இருக்கு" என்றாள். நான் எரிச்சலோடு போனை வைத்தேன். நல்ல பெயரைக் கொடுத்தால் துள்ளிக் குதிக்க வேண்டாமா என்றுதான் அப்போது நினைத்தேன்.

படகின் படம் வந்தது. நீலப் பக்கத்தில் வெள்ளை எழுத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் அலையரசி. பசறையில் பிரிண்ட் எடுத்து ஒன்றைப் பாடசாலை ஆசிரியர் அறையில் ஒட்டினேன். அதிபர் பெயரைப் பாராட்டினார், நான் அடக்கமாகச் சிரித்துக்கொண்டேன். இன்னொன்றை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. வெள்ளை எழுத்துகளின் மேல் விரலை வைத்துத் தடவி, "இங்கதான் தவிடுன்னு போட்டிருக்கா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா" என்றேன்.

ஒரு பொய்யைக் காப்பாற்ற அடுத்த பொய். பிள்ளைகள் செய்தால் முட்டிபோட வைப்பேன்.

அம்மா அந்தப் படத்தைச் சுவரிலிருந்த சாமித் தட்டில் வைத்து, அந்த எழுத்தின் மேல் தினமும் குங்குமம் வைத்தார். படகு புறப்பட்டது. நாலாவது வாரம், ஒரு பெரிய அலை அடித்துப் படகு தலைகீழாகப் புரண்டு, பிறகு தானாகவே நிமிர்ந்தது என்று செய்தி வந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, தங்கைக்குத் தோளில் அடி. இந்த நம்பிக்கைகளை வகுப்பில் கிண்டல் செய்கிறவள் நான். அன்று முழுக்க, 'அரசி என்று பெயர் வைத்துக் கடலின் கண்ணில் படவைத்தாயே பாவி' என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்து அம்மாவே விஷயத்தைக் கேட்டு வாங்கினார். கேட்டுவிட்டு என் முதுகைத் தடவினார்.

"பயப்படாத புள்ள. தவிடுன்னு பேரு வச்சிருக்கு, ஒண்ணும் ஆகாது."

அன்றாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

படகு கரை சேர்ந்தது. அம்மா படத்துக்குக் கற்பூரம் காட்டினார். தங்கை உடனே வர முடியவில்லை. தோளுக்கு மருத்துவம், பிறகு வேலை. அவள் வருவதற்குள் அம்மா காய்ச்சலில் படுத்து, ஐந்தாம் நாள் போய்விட்டார். சவ அடக்கத்துக்கு அவளால் வந்து சேர முடியவில்லை. கருமாதிக்குத்தான் வந்தாள்.

சனமெல்லாம் போன பிறகு சாமித் தட்டைத் துடைக்கப் போனவள், படத்தைக் கையில் எடுத்தாள். எழுத்தே தெரியாதபடி குங்குமம் அப்பியிருந்தது.

"படகுப் படத்துக்கு எதுக்குக்கா குங்குமம்?"

சொன்னேன். தவிட்டின் கதை, கீரை, நான் கொடுத்த பெயர், படத்தைக் காட்டிச் சொன்ன பொய், எல்லாவற்றையும் முதலிலிருந்து கடைசிவரை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

அவள் மெதுவாகத்தான் பேசினாள். கூட வேலை செய்யும் மதுரைக்கார நர்ஸ் ஒருத்தி இந்த வழக்கத்தை அவளிடம் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்ட நாள் முதல், தனக்கும் அப்படித்தான் நடந்திருக்குமோ என்று ஒரே நினைப்பாம். என்னிடம் கேட்டால் கேலி செய்வேன் என்று கேட்கவில்லையாம்.

"கடலுக்குப் போறேன்னதும், அம்மா தவிடுன்னு சொன்னா என்னையக் காக்கத்தான் அப்படிச் செஞ்சாங்க, அது நெசந்தான்னு வச்சுக்கலாம்னு இருந்தேங்க்கா. படகுல கூட வந்த மூணு பேருகிட்டயும் சொல்லியே வச்சிருந்தேன். நீ அலையரசின்னதும், சரி, சும்மா கேலிக்குக் கூப்பிட்ட பேருதான்னு நெனச்சுக்கிட்டேன்."

பிறகு அவளே கேட்டாள்.

"எவ்வளவு தவிடு குடுத்தாங்க?"

"அந்தக்கா கேட்டது ஒரே ஒரு சுண்டு அளவு. அம்மா ஒரு சாக்குக் குடுத்தாங்க. கொறச்சுக் குடுத்தா புள்ள தங்காதுன்னு. நாந்தான் வாசல்ல இழுத்துட்டுப் போனேன்."

அவள் அழுதாள். படகில் பெயரை மாற்றி எழுதிவிடலாமா என்று அசடு மாதிரி கேட்டேன். படகை விற்றாயிற்றாம். வாங்கியவர்கள் பழைய பெயரைச் சுரண்டிவிட்டுத் தங்கள் பெயரை எழுதிவிட்டார்களாம்.

"அம்மா எப்படிச் சொன்னாங்க? அதே மாதிரி ஒருக்கா சொல்லுக்கா."

சொல்லப் பார்த்தேன். அம்மா அந்தப் பெயரைச் சொன்ன விதம் என் காதில் அப்படியே இருந்தது. ஆனால் என் நாக்கு அதைச் சீண்டுவதற்கு மட்டுமே சொல்லிப் பழகியிருந்தது. இரண்டு தரம் சொன்னேன். இரண்டு தரமும் பஸ்ஸில் அவளை அழவைத்த அதே அக்காவின் குரல்தான் வந்தது.

"பரவால்லக்கா, விடு" என்று சொல்லிவிட்டு, அவள் படத்தைச் சேலை முந்தானையில் சுற்றி எடுத்து வைத்துக்கொண்டாள்.