மெழுகுக் குழாய் இளகிய காலை

கல்யாணத்துக்கு முன்பிருந்தே மாடத்திக்குக் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸில் குச்சிக்கு மெழுகு ஏற்றும் வேலை. ராத்திரி உறைந்த மெழுகு காலையில் தொட்டிக்கு வரும் குழாயை அடைத்துக்கொள்ளும். தீக்குச்சி மருந்து புழங்கும் இடத்தில் நெருப்புக் காட்ட முடியாது. கொதிநீரில் நனைத்த சாக்கைச் சுற்றிச் சுற்றியே அவள் கை வெந்திருந்தது. இனியும் வெந்தால் விரல் மடங்காது என்று நர்ஸ் சொல்லிவிட்டார்.

இன்று எலக்ட்ரீஷியன் பாலகணேஷ் குழாயில் மின்சாரச் சூட்டுப் பட்டையைச் சுற்றி சுவிட்சைப் போட்டான். பழக்கத்தில் மாடத்தி ஈரச்சாக்கோடு வந்தாள்.

“யக்கா, கரண்டுல தண்ணிய ஊத்தி எங்களக் கொல்லப் போறீயளா? சும்மா நில்லுங்க.”

“சும்மா நின்னா இளகிருமாக்கும்!”

தீயில்லை, ஆவியில்லை. சற்று நேரத்தில் மெழுகு தண்ணீராய்த் தொட்டியில் கொட்டியது. மாடத்தி வாய்பிளந்து நின்றாள்.

“யக்கா, தொட்டி நெறயுது, வால்வ மூடுங்க!”

“இருலே, இன்னுங் கொஞ்சம் பாக்குதேன்.”