நல்லமுத்துவின் கடைசிக் கொப்பரை

போடிப் பக்கத்திலிருந்து வந்து, மறையூரில் என் வெல்ல ஆலையில் இருபது வருஷம் பெரிய கொப்பரையில் கரும்புப் பாகு காய்ச்சியவர் நல்லமுத்து. பாகை நாக்கில் வைத்தாலே போதும், வெல்லம் கட்டியாகுமா, கசியுமா என்று சொல்லிவிடுவார். நாள் முழுக்க வாய் இனித்துக்கொண்டே இருக்கும். வயிறும் வருஷா வருஷம் முன்னால் வந்தது. "கொப்பரைய இடுப்புல கட்டிக்கிட்டு வர்றீரே" என்று நான்தான் கேலி செய்வேன். அவரும் வயிற்றைத் தட்டிச் சிரிப்பார். அது நோய் என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

எழுபத்தாறாம் வருஷம் ஆடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்று வாரம் படுக்க வைத்துக் காப்பாற்றினார்கள். "சர்க்கரை, பிரஷர், தொப்பை மூணும் சேர்ந்திருக்கு. பிழைச்சதே பெரிசு. இன்னும் ஒரு மாசம் கண்டம். இனிப்பு தொடக்கூடாது, நெருப்புகிட்ட நிக்கக்கூடாது" என்று டாக்டர் சொன்னதை நானும் கேட்டேன்.

அந்த ஒரு மாதத்தைக்கூட நான் அவருக்குக் கொடுக்கவில்லை. ஓணம் நெருங்கியது, வெல்லத்துக்குக் கிராக்கியான நேரம். புது ஆள் காய்ச்சிய வெல்லம் இளகிப்போனது. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. நேரே அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

அவர் மனைவி சுருளியம்மாள் குறுக்கே வந்தாள். "அண்ணே, டாக்டரு இனிப்பு ஆகாதுன்னுருக்காரு."

"ஸ்டூல்ல ஒக்காந்து பதம் மட்டும் சொல்லட்டும். நாக்குல வச்சுட்டுத் துப்பிரப் போறாரு, அம்புட்டுத்தானம்மா."

நல்லமுத்து அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

கொதிக்கிற கொப்பரை முன்னால் துப்பினால் லட்சுமி போய்விடுவாள் என்பது எங்கள் ஆலை வழக்கம். அதை மீறியவனை வேலையை விட்டே அனுப்பியவன் நான். நல்லமுத்து ஒவ்வொரு கொப்பரைக்கும் ஒரு விரல் பாகு விழுங்கினார். பார்த்துக்கொண்டே நின்றேன். வெல்லம் நன்றாக வந்தது, எனக்கு அது போதுமாக இருந்தது.

நாலாம் நாள் மத்தியானம் ஸ்டூலிலிருந்து சரிந்தார். ஜீப் வருவதற்குள் உயிர் போய்விட்டது. பாகா, நெருப்பா, ஏற்கெனவே கெட்டுப்போன இதயமா, எது கொன்றது என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. கூட்டிவந்தது யார் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

பதினாறாம் நாள் சுருளியம்மாள் என்னைத் தனியாகக் கேட்டாள். "அண்ணே, அவரு துப்புனாராண்ணே?"

"துப்புனாரும்மா. ஒவ்வொரு தடவையும்."

"அப்பச் சரி. அவரு மேல தப்பில்ல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் மேல் தப்பு இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.